மாமா வண்டியின் ஆரஞ்சு லைட்

"டேய் பாலு, எரியுதுடா."

பாலகுமார் வாயில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டே போனை எடுத்திருந்தான். எதிர்முனையில் சிதம்பரத்திலிருந்து தேவநாதன் மாமா. குரலில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"எது மாமா?" என்று தெரியாதவன்போலக் கேட்டான்.

"எதுவா? வண்டி மீட்டர்ல இருக்கே, அந்த ஆரஞ்சு லைட்டு. நேத்து சாயங்காலம் வந்து சரி பண்ணிட்டேன்னு மார் தட்டிட்டுப் போனியே, அதுதான். இப்ப பக்கிரி வண்டிய எடுத்தான். ஜம்முன்னு எரியுது."

பாலகுமார் வாயில் இருந்த பேஸ்ட் நுரையை அப்படியே விழுங்கிவிட்டான்.

"இருக்காதே மாமா..."

"நான் என்ன பொய்யா சொல்றேன்? பக்கிரிகிட்ட வண்டியக் குடுத்து அனுப்புறேன். இந்தத் தடவையாவது ஒழுங்கா பாரு."

போன் வைக்கப்பட்டது. மற்றவர்களுக்கு அது ஒரு லைட். பாலகுமாருக்கு அது சந்திரலேகா.

விஷயம் இதுதான். தேவநாதன் அவனுடைய அம்மாவின் தம்பி. கூட்டுறவுச் சங்கச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்லூரி நாளிலிருந்தே கறுப்புச் சட்டைக்காரர். வீட்டுக் கூடத்தில் ஒரு சாமி படம் கிடையாது. சௌந்தரம் அத்தை தன் சாமிகளை எல்லாம் சமையலறையில் பருப்பு டப்பாக்களுக்குப் பின்னால் குடிவைத்திருந்தாள். சமையலறைக்குள் கால் வைக்கிற பழக்கம் மாமாவுக்கு இல்லாததால் இருவருடைய கொள்கைக்கும் முப்பது வருடமாகப் பங்கம் வரவில்லை.

2009-ஆம் வருடம் மாமா ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கினார். வண்டி வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை, முன்பு வைத்திருந்தவர் டேஷ்போர்டில் ஒட்டியிருந்த சின்னப் பிள்ளையார் பொம்மையை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிப் பெயர்த்ததுதான். "வண்டி ஓடுறது பெட்ரோல்ல. இவரு எதுக்கு முன்னாடி உக்காந்துகிட்டு ஓசியில வர்றாரு?" என்றார். அத்தை அதை முந்தானையில் வாங்கிக்கொண்டுபோய்த் தெருமுனை அரசமரத்தடியில் வைத்துவிட்டு வந்தாள். டேஷ்போர்டில் பிசின் வட்டம் மட்டும் மிச்சம் இருந்தது.

எலுமிச்சம்பழம் வேண்டாம், திருஷ்டிக் கயிறு வேண்டாம், பூசணிக்காய் உடைக்கவும் வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார். வண்டி ஓட்டவும் அவருக்குத் தெரியாது. பழகிப் பார்த்தார், கிளட்ச் எது, பிரேக் எது என்பதில் அவருக்குச் சொந்தமாக ஒரு கருத்து இருந்ததால் டிரைவிங் ஸ்கூல்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அதனால் பக்கிரி என்கிற டிரைவர் வந்து சேர்ந்தார். ஐம்பது வயது, அளவான பேச்சு, மாமாவை "ஐயா" என்பார், அத்தையை "அம்மா" என்பார்.

வண்டி வாங்கின அதே வாரம் குடும்பத்தோடு பிச்சாவரம் போய்ப் படகு சவாரி செய்தார்கள். திரும்பும்போது ரோட்டில் இருந்த பள்ளத்தில் வண்டி ஒருமுறை குதித்தது. மீட்டருக்குள் அந்த ஆரஞ்சு லைட் எரிய ஆரம்பித்தது.

"தண்ணிக் குழாய் மாதிரி இருக்கே" என்றார் மாமா.

"ஹெலிகாப்டர்ப்பா" என்றாள் மகள் சந்திரலேகா.

"டீக்கடை பாய்லருங்க" என்றார் பக்கிரி.

அத்தை மட்டும் பின் சீட்டிலிருந்து எம்பி, வீடு வந்து சேரும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் பாலகுமாரின் அம்மா பழத்தட்டோடு தம்பி வீட்டுக்குப் பெண் கேட்கப் போனாள். பாலகுமாருக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் சொந்தமாக ஒர்க் ஷாப், ஆட்டோமொபைல் டிப்ளமோ, வாடகை போக மிஞ்சுகிற வருமானம். சந்திரலேகாவுக்கும் சம்மதம். முறைப்படி அவள் அவனை "மாமா" என்று கூப்பிடுவாள். அந்த ஒரு சொல்லுக்காகவே அவன் தினமும் சிதம்பரத்துக்குச் சைக்கிளில் போகத் தயாராக இருந்தான். அத்தைக்கோ மருமகன் என்றால் உயிர். குறுக்கே நின்றது மாமா மட்டும்தான்.

"அக்கா, நான் ஜாதகம் பாக்கறவன் கிடையாது. பத்துப் பொருத்தம், பல்லி சத்தம் எதுவும் வேணாம். நான் வேலையப் பாப்பேன். உம் மவன் கார் டாக்டருதான? அந்த லைட்ட அணைச்சிக் காட்டட்டும். ஒரு லைட்டையே அணைக்கத் தெரியாதவன் குடும்பத்த எப்படி நடத்துவான்?"

நெய்வேலிப் பக்கம் ஒரு என்ஜினீயர் வரன் வந்திருப்பதையும் அப்படியே காதில் போட்டு அனுப்பினார்.

ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் என்றாலும் ஒரு பரிகாரம் இருக்கும். மாமாவின் பகுத்தறிவுக்குப் பரிகாரம் கிடையாது. பாலகுமார் ஸ்கேனரை எடுத்துக்கொண்டு சிதம்பரம் போனான். போகிற வழியில், ஆயுத பூஜைக்கு அதில் வைத்த சந்தனப் பொட்டை எச்சில் தொட்டு அழித்துக்கொண்டான்.

அன்றைக்கு வேலை சுலபமாகத்தான் இருந்தது. ஸ்கேனரைச் சொருகியதும் ஆக்ஸிஜன் சென்சார் சர்க்யூட் கோளாறு என்று காட்டிவிட்டது. பானெட்டைத் திறந்தால், முன்னாலேயே அந்த சென்சாரின் பிளக் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. பிச்சாவரம் பள்ளத்தின் உபயம்.

"என்ன தம்பி அது?" என்று பக்கிரி எட்டிப் பார்த்தார்.

பாலகுமாருக்குச் சொல்லிக் கொடுப்பதென்றால் குஷி. "இது வண்டியோட மூக்கு. சைலன்சர் குழாய்ல உக்காந்து புகையை மோந்து பாக்கும். ஆக்ஸிஜன் ஜாஸ்தியா, கம்மியான்னு என்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அதப் பாத்து கம்ப்யூட்டரு பெட்ரோல அளந்து விடும். இந்த பிளக்குதான் மூக்குக்கும் மூளைக்கும் நடுவுல. இதப் புடுங்கிட்டா லைட்டு வந்துரும். பாருங்க."

பிடுங்கினான். பெரிய மனிதர் ஒருவருக்கு வித்தை காட்டுகிற சந்தோஷத்தோடு செருகினான். மறுபடி பிடுங்கினான்.

"ஓகோ" என்றார் பக்கிரி.

"சொருகினா மட்டும் பத்தாது. அது ஞாபகம் வச்சிருக்கும், லைட்டு அணையாது. ஸ்கேனர்ல அழிச்சாத்தான் அணையும்." அழித்தான். லைட் அணைந்தது. மாமா வெளியே வந்து பார்த்து, "ம்" என்றார். அந்த ஒரு "ம்"மை நினைத்துக்கொண்டே பாலகுமார் பாட்டுப் பாடியபடி கடலூர் வந்து சேர்ந்தான்.

மறுநாள் காலைதான் அந்தப் போன்.

வண்டி மஞ்சக்குப்பம் வந்தது. கடலூரில் புடவை எடுக்க வேண்டும் என்று அத்தையும் கூடவே வந்திருந்தாள். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஸ்கேனர் அதே பழைய பல்லவியைப் பாடியது. பாலகுமார் பானெட்டைத் திறந்து பிளக்கைத்தான் முதலில் பார்த்தான். கெட்டியாக இருந்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தான். கரண்ட் வருகிறது. எர்த் நன்றாக இருக்கிறது. சென்சாருக்குள் இருக்கிற ஹீட்டரின் அளவும் கச்சிதம். வயரைப் பிடித்து ஆட்டினான், வளைத்தான், என்ஜினை உறுமவிட்டுத் தட்டினான். ஒன்றுக்கும் அசையவில்லை. சர்க்யூட்டில் ஒரு குறையும் இல்லை. லைட் மட்டும் எரிகிறது. நோயாளிக்கு நாடி, இருதயம் எல்லாம் சரியாக இருந்து, அவன் செத்துப்போயும் இருந்தால் டாக்டர் என்ன செய்வார்? பாலகுமார் தலையைச் சொறிந்தான்.

பிளக்கை இன்னொரு முறை அழுத்திவிட்டான். ஸ்கேனரில் அழித்தான். லைட் போயிற்று.

"அத்த, சரியாயிடுச்சு. ஏறுங்க."

அத்தை முன்பக்கமாகக் குனிந்து மீட்டரைப் பார்த்தாள். அவள் முகம் சுண்டிவிட்டது.

"எனக்குத் தலய வலிக்குதுப்பா. கார் ஒத்துக்கல. நான் பஸ்ல போய்க்கறேன்."

"வர்றப்ப நல்லாத்தான வந்தீங்க?"

"வர்றப்ப நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அத்தை பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தேவிட்டாள். பக்கிரி காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் மாமாவின் போன். "எரியுது."

இப்போது பாலகுமார் கோபத்தோடு சென்சாரையே மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தான். பாண்டிச்சேரிக்குப் போய்ப் புது சென்சார் வாங்கி வந்தான். பழையது சைலன்சர் குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் ஸ்பேனரை மாட்டி, நெய்வேலி என்ஜினீயரை மனதில் நினைத்துக்கொண்டு ஒரு திருகு திருகினான். சென்சார் வந்தது. கூடவே குழாயின் மரையும் வந்தது.

புது சென்சாரை எப்படியோ பூட்டி, ஓரத்தில் பசை தடவி அனுப்பினான். பரங்கிப்பேட்டை தாண்டுவதற்குள் பசை பிய்த்துக்கொண்டது. வண்டி மீன்பிடி படகு மோட்டார் மாதிரி "டப டப டப" என்று அலறிக்கொண்டு சிதம்பரம் நான்கு வீதியையும் சுற்றி வந்தது. பழக்கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

இரவு சந்திரலேகா போன் செய்தாள்.

"மாமா, எங்க தெருவுல எல்லாரும் உங்களப் பத்திதான் பேசுறாங்க."

"என்னான்னு?"

"காரு வாங்குனாரா, லாஞ்சு வாங்குனாரான்னு அப்பாவக் கேக்கறாங்க. அப்பா நெய்வேலிக்கு லட்டர் எழுதலாமான்னு யோசிக்கறாரு. என்னா மாமா, ஒரு லைட்டு! எங்க வீட்டு டியூப் லைட்ட அணைக்கச் சொன்னா நான் அணைச்சிருவேன்."

"அது சுவிட்ச்சு இருக்கற லைட்டுடி."

"அப்ப இதுக்கும் ஒரு சுவிட்ச்சு வைங்களேன்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். சிரிப்புக்கு அடியில் அழுகை இருந்தது அவனுக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

வெல்டிங் வைத்துச் சத்தத்தை அடக்கினான். ஒரு முன்னெச்சரிக்கைக்கு, வயர் கட்டும் பிளாஸ்டிக் டை ஒன்றைப் பிளக்கின் மேல் இறுக்கிக் கட்டினான். லைட்டை அழித்தான். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குத் தானே ஓட்டிப்போனான், எரியவில்லை. திரும்பிக் கடலூர் வந்தான், எரியவில்லை. மறுபடி போய் மாமா வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு வந்தான். ஒரு ராத்திரி சிதம்பரத்தில் நின்றது. காலையில் எரிந்தது. பாலகுமார் மறுபடி மாமா வீட்டுக்கு ஓடினான்.

"மாமா, கடலூர்ல எரிய மாட்டேங்குது. சிதம்பரத்துலதான் எரியுது. ஒருவேளை இந்த ஊரு காத்துல ஆக்ஸிஜன்..."

"டேய்! ஆகாசத்தையே சாமின்னு கும்புடுற ஊருடா இது. இங்க காத்துக்கு என்னடா பஞ்சம்? உனக்கு வேல தெரியலன்னு சொல்லு, ஒத்துக்கறேன். ஊர் மேல பழியப் போடாத!"

சாமி இல்லை என்கிறவர் சாமி ஊருக்கு வக்காலத்து வாங்குவதை ரசிக்கிற நிலைமையில் பாலகுமார் இல்லை. அவமானத்தோடு வாசலுக்கு வந்து பானெட்டைத் திறந்தான். அப்போதுதான் அவன் கண்ணில் அது பட்டது. தான் இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் டை அறுந்து கீழே கிடந்தது. பிளக் என்னவோ செருகித்தான் இருந்தது. ஆனால் டை?

வண்டிக்குள் தலையை விட்டுத் தேடினான். ஸ்டியரிங்குக்குப் பின்னால், மீட்டர் கண்ணாடியின் ஓரத்தில், காய்ந்த புல் கொத்தாக இருந்தது. அதற்குக் கீழே ஈரமாகத் தேங்காய்த் துருவல். விரலால் தொட்டு மோந்தான். வெல்லம். எறும்பு வரிசை வேறு.

பாலகுமாரின் மூளையில் இத்தனை நாளாக எரியாத லைட் எரிந்தது.

"எலி!" என்று கத்தினான். "மாமா, எலி! புல்லக் கொண்டாந்து கூடு கட்டுது. சமையல்கட்டுலேர்ந்து தேங்காயும் வெல்லமும் திருடித் திங்குது. டையைக் கடிச்சுப் போட்டிருக்கு பாருங்க. ராத்திரி வந்து பிளக்க ஆட்டி விடுது. அதான் காலையில எரியுது!"

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தடயங்களைப் பார்வையிட்டார். முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. "காரண காரியத்தோட பேசுற. இதுதான்டா பகுத்தறிவு."

அத்தை வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "எலியா?" என்றாள் மெதுவாக.

"பெருச்சாளியே இருக்கும் அத்த. விடமாட்டேன், அடிச்சிக் கொல்லாம விடமாட்டேன்."

அத்தை "ஐயோ, அதப்போயி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டான் பாலகுமார்.

எலிப்பொறி வாங்கினான். பொறிக்குள் வைக்க, கடலூர் துறைமுகத்துப் பக்கம் போய் நல்ல நெத்திலிக் கருவாடாகப் பார்த்து வாங்கினான். கஞ்சத்தனம் பார்க்காமல் என்ஜினைச் சுற்றி நாலாபக்கமும் தூவினான். பொறியை வைத்துவிட்டுக் கடலூருக்குத் திரும்பினான். மறுநாள் அந்தக் காரில்தான் மாமா ஒரு சீர்திருத்தத் திருமணத்துக்குத் தலைமை தாங்கப் போகிறார் என்பது அவனுக்குத் தெரியாது.

என்ஜின் சூடேறியதும் கருவாடு வறுபட ஆரம்பித்தது. வாசனை ஏசி வழியாக உள்ளே வந்தது. பின் சீட்டில் மாமாவோடு இரண்டு கறுப்புச் சட்டை நண்பர்கள். இருவரும் நாகரிகமாக ஜன்னலை இறக்கினார்கள். மாமா பக்கிரியைப் பார்த்தார். பக்கிரி ரோட்டைப் பார்த்தார்.

மண்டப வாசலில் மாலையோடு வரவேற்க நின்றவர்களை முந்திக்கொண்டு ஊரிலுள்ள பூனைகள் வண்டியை வரவேற்றன. ஒன்று பானெட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. மாமா மேடையில் மூடநம்பிக்கையைக் கிழித்துக்கொண்டிருந்தபோது வெளியே பூனைகள் சண்டையிட்டுக்கொள்ளும் சத்தம் மைக்கில் கேட்டது. மணப்பெண்ணின் தாத்தா எழுந்து, "பூனை குறுக்க வந்தாத்தான் சகுனம் சரியில்லம்பாங்க. இது காரோடவே வருதே, இதுக்கு என்ன சொல்றீங்க ஐயா?" என்று கேட்டுவிட்டார். மண்டபமே சிரித்தது.

அன்று மாமா போனில் கத்தவில்லை. அமைதியாகப் பேசினார்.

"பாலு, வர்ற ஞாயித்துக்கெழம நெய்வேலிக்காரங்க பொண்ணு பாக்க வர்றாங்க. அதுக்குள்ள அந்த லைட்டு அணைஞ்சு, அணைஞ்சபடியே இருந்துச்சின்னா, அவுங்கள வர வேணாம்னு சொல்லிடுறேன். இல்லன்னா, நீ கல்யாணத்துக்கு வந்து சாப்புட்டுப் போ. கருவாடு எடுத்துட்டு வராத."

"மாமா, லைட்டு..."

"ஆமாம், இன்னும் எரியுது. எலி ஒண்ணும் விழல."

சனிக்கிழமை. பக்கிரி வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். பாலகுமார் ஒர்க் ஷாப் கதவைச் சாத்தினான். வண்டியின் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அந்த ஆரஞ்சு உருவத்தைப் பார்த்தான். அது அவனைப் பார்த்தது. பெருத்த உடம்பு, ஒரு பக்கம் நீட்டிய மூக்கு, கொழுப்பெடுத்த உட்கார்வு. டிப்ளமோவில் படித்த எல்லாமும், மல்டிமீட்டர் காட்டிய எல்லாமும் ஒரு பக்கம். சந்திரலேகா ஒரு பக்கம்.

படித்த படிப்புக்கு மனசுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். மீட்டர் போர்டைக் கழற்றினான். அந்த லைட்டின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சதுரமாக வெட்டி ஒட்டினான். ஒன்று போதாதென்று இன்னொன்றும் ஒட்டினான். மூன்றாவதை ஆத்திரத்துக்காக ஒட்டினான். மீட்டரைத் திரும்பப் பூட்டினான். உள்ளே லைட் எரிந்தாலும் எரியாவிட்டாலும் இனி சாகிறவரைக்கும் யாருக்கும் தெரியாது.

அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தோடு கல்யாணம் செய்துகொள்ளலாம். வெட்கம் மட்டும் இருந்து கல்யாணம் இல்லாமல் என்ன செய்வது?

சாயங்காலம் அவனே வண்டியைச் சிதம்பரத்தில் கொண்டு நிறுத்தினான். மாமா சாவியைத் திருப்பினார். அணைத்தார். மறுபடி திருப்பினார். டேஷ்போர்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பக்கிரியை ஓட்டச் சொல்லி நான்கு வீதியையும் சுற்றிவிட்டு வந்தார். கறுப்பாகவே இருந்தது.

"என்னடா பண்ணுன?"

"சர்க்யூட்ட... மேல கவர் பண்ணிட்டேன் மாமா." அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

மாமா அவன் தோளில் கை வைத்தார். "சபாஷ்! ஜாதகம் பாத்திருந்தா என்னாத்தக் கண்டிருப்பேன்? பாரு, வேலையப் பாத்தேன், ஆளத் தெரிஞ்சிக்கிட்டேன். சௌந்தரம், இங்க வா! மாப்ளைக்குக் காப்பி குடு. நாளைக்கே வெத்தல பாக்கு மாத்திக்கலாம்."

மாப்ளே! பாலகுமாருக்குக் கால் தரையில் பாவவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து சந்திரலேகா வாயெல்லாம் பல்லாக எட்டிப் பார்த்தாள். அத்தை காப்பியோடு வந்தாள். அவளுக்கும் சந்தோஷம்தான். "எனக்குத் தெரியும்பா, நடக்கும்னு. எல்லாம் அவரு பாத்துக்குவாரு" என்று மாமாவுக்குக் கேட்காமல் சொன்னாள்.

காப்பியைக் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய், கார் கண்ணாடி வழியாக உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பக்கிரியைப் பார்த்தாள். பக்கிரி லேசாகத் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாலகுமார் வேட்டி கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சந்திரலேகா அழுதுகொண்டிருந்தாள்.

"மாமா, அம்மா முடியாதுன்னுட்டாங்க."

"என்ன முடியாதுன்னு?"

"இந்தக் கல்யாணம் வேணாமாம். விடியக்காலையில வாசலுக்குப் போனாங்க, வந்தாங்க, சுவத்தப் பாத்துப் படுத்துட்டாங்க. பச்சத் தண்ணி பல்லுல படல. 'அந்தப் பையன் வேணவே வேணாம், அவன் கை வெளங்காத கை'ங்கறாங்க. ஏன்னு கேட்டா அப்பாவப் பாக்கறாங்க, வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க. அப்பாவுக்கே ஒண்ணும் புரியல. நீங்க அம்மாவ என்னா மாமா பண்ணுனீங்க?"

வெற்றிலை பாக்குத் தட்டையும் அம்மாவையும் அப்படியே விட்டுவிட்டு பைக்கை உதைத்தான் பாலகுமார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் பின்னால் போனதே தெரியவில்லை. மாமா எதிர்த்தது நியாயம்; அவருக்கு ஒரு காரணம் இருந்தது. சின்ன வயதில் மடியில் போட்டு இட்லி ஊட்டிய அத்தை எதற்காக எதிர்க்க வேண்டும்? கருவாடா? படகுச் சத்தமா? டேப் ஒட்டியது தெரிந்துவிட்டதா? அவனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. நெய்வேலிக்காரனைத் தோற்கடித்துவிட்டு அத்தையிடம் தோற்பதா?

வாசலில் மாமா பேயறைந்தவர்போல நின்றிருந்தார். "மாப்ளே, நீயே உள்ள போயிக் கேளு. என்கிட்ட பேச மாட்டேங்கறா" என்றார். நடைக்குள் போனவன், அத்தையின் முதுகைப் பார்த்தான். "அத்த" என்றான். அத்தை போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டாள்.

தளர்ந்துபோய் வெளியே வந்தவனைப் பக்கிரி கையைப் பிடித்துக் காருக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போனார். பானெட் திறந்திருந்தது. பக்கிரியின் கையெல்லாம் கிரீஸ்.

"தம்பி, நேத்து வண்டியில என்னா பண்ணுனீங்க?"

"ஏண்ணே?"

"விடியக்காலையிலேர்ந்து அந்தப் பிளக்கப் புடுங்கிப் புடுங்கிப் பாக்கறேன். வரவே மாட்டேங்கறாரு."

"பிளக்க... நீங்களா? யாருண்ணே வரமாட்டேங்கறாரு?"

பக்கிரி வீட்டுப் பக்கம் திரும்பி, மாமா கேட்கும் தூரத்தில் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். டிரைவர் கதவைத் திறந்து, மீட்டருக்குள் கறுப்பாக இருந்த இடத்தைக் காட்டி, கிரீஸ் கையாலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார். மீட்டர் ஓரத்தில் இன்று பறித்த அருகம்புல் பச்சையாக இருந்தது. பக்கத்தில் அரை கொழுக்கட்டை.

"புள்ளையாருதான் தம்பி! தும்பிக்கைய ஒரு பக்கமா நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரே, பாக்கலியா? ஐயா வெளிய பேத்துப் போட்டாரு, அவரு தானா உள்ள வந்து குந்திக்கிட்டாரு. ஒரு மண்டலத்துக்கு அணையாம பாத்துக்கறேன்னு அம்மா வேண்டிக்கிட்டாங்க. நீங்க ஒவ்வொரு தடவ அணைச்சிட்டுப் போறப்பவும் நான்தான் பிளக்கப் புடுங்கி வரவழைப்பேன். வந்ததும், உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு திருப்பிச் சொருகி வச்சிருவேன்."

பாலகுமார் கார் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தான். புல், தேங்காய், வெல்லம், டை, எலி என்று எல்லாம் வரிசையாக அவன் கண்முன் ஊர்வலம் போயின. "அப்படி என்னதாண்ணே வேண்டிக்கிட்டாங்க?" என்றான்.

பக்கிரி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"வேற என்னா தம்பி, உங்களுக்கே பொண்ணக் குடுக்கணும்னுதான்!"